கையை ஆட்டி விளையாடாதீர்கள், அப்பா

சிரித்த முகமாகவே நினைவில் நிற்கும் என் அப்பாவுக்கு,

திருச்சுழி மாட்டாஸ்பத்திரி டாக்டரம்மா உங்களிடம் ஒரு சேதி சொல்லச் சொன்னார். நானும் "சரிங்க" என்று தலையாட்டிவிட்டு வந்தேன். நீங்கள் செத்து இரண்டு மாதம் ஆகிவிட்டது என்று சொல்ல வாய் வரவில்லை. புது ஆட்கள் முன்னால் எனக்கு எப்போது வாய் வந்திருக்கிறது? ஆனால் சரி என்று ஒப்புக்கொண்டுவிட்டேன். அதனால் எழுதுகிறேன்.

சேதி இதுதான். பூனைக்குட்டிக்கு இனிமேல் கையை ஆட்டி விளையாட்டுக் காட்டாதீர்களாம்.

தை மாதக் கடைசியில் ஒரு நாள், பஸ் ஷெட்டில் பின் சீட்டுக்கு அடியில் கிடந்தது என்று அதை உங்கள் கண்டக்டர் பைக்குள் போட்டுக்கொண்டு வந்தீர்கள். கண் திறந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும். தாய்ப்பூனை அங்கேதான் எங்கேயோ சுற்றிக்கொண்டிருந்தது என்றும் நீங்களே சொன்னீர்கள். அம்மா "பாவம், அது தேடுமே" என்றதற்கு, "தேடிக் கண்டுபிடிச்சு வந்தா அதுக்கும் ஒரு டிக்கெட்டு கிழிச்சுருவோம்" என்றீர்கள். அம்மா சிரித்தாள். குட்டி டிக்கெட் பரிசோதிக்கிறவர் மாதிரி எல்லார் மடியிலும் ஏறி முகர்ந்து பார்த்ததால் 'செக்கர்' என்று பெயர் வைத்தீர்கள்.

தினமும் வேலை முடிந்து வந்து கால்கூடக் கழுவாமல் தரையில் உட்கார்ந்து ஐந்து விரலையும் அதன் முன்னால் ஆட்டுவீர்கள். அது பாய்ந்து கடிக்கும். "புலிடா, புலி" என்று இன்னும் வேகமாக ஆட்டுவீர்கள். அப்போது அதற்குப் பல் ஊசி முனை அளவுதான். உங்கள் தோலும் முப்பது வருடம் பஸ் கம்பியைப் பிடித்துக் காய்த்துப்போன தோல். உங்களுக்கு வலிக்கவில்லை.

நாற்பது நாள் இப்படிப் பழக்கிவிட்டு, பங்குனியில் மார்வலி என்று படுத்தவர் எழுந்திருக்கவில்லை. பல் வளர்ந்தது எங்கள் கையில்தான், அப்பா.

நான் பூ கட்டும் பிழைப்பு உங்களுக்குத் தெரியும். நூலும் விரலும் ஆடிக்கொண்டே இருக்க வேண்டிய வேலை. செக்கருக்கு வேறென்ன வேண்டும்? கதவுக்குப் பின்னால் பம்மியிருந்து பாயும். கட்டை விரல் மூட்டில் கடித்துத் தொங்கும். உதறினால் இன்னும் இறுக்கும். நூல்கண்டை உருட்டிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விடும். ஒரு நாள் கட்டிய மல்லிகைச் சரத்தில் ஓர் இடத்தில் மட்டும் சிவப்பாகப் பட்டிருந்ததைப் பூக்கடை அக்கா பார்த்துவிட்டார்.

"இதை எந்தச் சாமி கழுத்துல போடுறது? பூனை வேணுமா பூ வேணுமான்னு யோசிச்சு வையி" என்று சரத்தைத் திண்டில் வைத்துவிட்டுப் போனார்.

அடக்கிவிடலாம் என்றால் வீட்டில் விடவில்லை. உங்கள் பதினாறாம் நாள் விசேஷத்துக்கு வந்த கூட்டம் முழுக்க நீங்கள் செய்த கேலிகளைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது. அழுதுகொண்டே சிரித்தார்கள். அந்த நேரம் பார்த்து செக்கர் ஓடிவந்து காரியாபட்டி அத்தையின் கால் பெருவிரலைக் கடித்தது. நான் அதைப் பிடிக்கப் போனேன்.

அத்தை என் கையைத் தட்டிவிட்டார். "விடுடி. எங்கண்ணேன்தான் வந்துருக்கான். சின்னப்புள்ளையில இப்படித்தான் தூங்கும்போது வந்து காலைக் கடிப்பான்."

அவ்வளவுதான். அத்தை வாயிலிருந்து வந்த வார்த்தை அம்மா மனதில் உட்கார்ந்துகொண்டது. ஆணியில் தொங்கிய உங்கள் பையை இறக்கிக் கீழே வைத்தாள். குட்டி அதற்குள்தான் படுத்தது. அதையும் சாட்சியாக எடுத்துக்கொண்டாள். சாப்பிடும்போது இடது கையைத் தரையில் வைத்துக் காத்திருப்பாள். அது வந்து கடிக்கும். ரத்தம் வரும். இழுக்கமாட்டாள்.

"அம்மா, எடும்மா கைய."

"இருக்கட்டும். அவுக வெளையாடுறாக."

வைகாசியில் அம்மாவின் கை மணிக்கட்டுவரை வீங்கியது. விரல் மடங்கவில்லை. பூப்பறிக்கப் போக முடியாமல் ஒரு வாரம் வீட்டில் கிடந்தாள். அருப்புக்கோட்டை பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். பூனை கடித்ததற்கும் நாய்க்கடி ஊசிதான் போட வேண்டுமாம். மொத்தம் நாலு தடவை. "இத்தனை கடியா? ஒரே பூனையா? கடிக்கிற வரைக்கும் நீங்க என்னம்மா பண்ணிட்டு இருந்தீங்க?" என்று நர்ஸ் கேட்டார். அம்மா சுவரைப் பார்த்தாள். பூனைக்கும் ஒரு ஊசி போட்டுவிடச் சொன்னார்.

அதற்காகத்தான் திருச்சுழிக்குப் போனேன். ஒரு கட்டைப்பையில் செக்கரைப் போட்டு, மேலே துண்டைக் கட்டி, மெயின் ரோட்டிலிருந்து நம் ஊருக்குப் பிரியும் விலக்கில் போய் நின்றேன். உங்கள் மினி பஸ் வந்தது. நான் கருவேல மரத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். அது போன பிறகு முக்கால் மணி நேரம் காத்திருந்து கவர்மெண்டு பஸ்ஸில் ஏறினேன்.

ஏன் என்று உங்களுக்கு நினைவிருக்கிறதா? இருக்காது. எனக்கு மறக்கவில்லை. பத்தாம் வகுப்பு, காலாண்டுப் பரீட்சை. கணக்கில் எட்டு மார்க். மார்க் அட்டையில் நீங்கள்தான் கையெழுத்துப் போட்டீர்கள். வீட்டில் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் நான் விலக்கில் ஏறும்போது படியில் நின்றுகொண்டு பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொன்னீர்கள்:

"எட்டு மார்க்கு மகராசி ஏறுறாக, எந்திரிச்சு எடம் விடுங்கப்பா."

பஸ்ஸே சிரித்தது. டிரைவர் கருப்பையா மாமா திரும்பிப் பார்த்துச் சிரித்தார். என் வகுப்புப் பையன்கள் சிரித்தார்கள். அன்று சாயங்காலமும் அதையே சொன்னீர்கள், அதற்கு அடுத்த நாளும். பிறகு நீங்கள் சொல்ல வேண்டியதே இல்லை, ஏறினாலே யாராவது ஒருவர் "எட்டு மார்க்கு" என்பார். நான் பிந்தி வரும் பஸ்ஸுக்கு நின்றேன். தினமும் முதல் பாடம் போனது. அந்தப் பாடம்தான் கணக்கு. மார்கழியில் பள்ளிக்கூடம் போவதையே நிறுத்திவிட்டேன். ஏன் போகவில்லை என்று நீங்கள் ஒரு தடவை கேட்டீர்கள். நான் சொல்லவில்லை. அம்மா தயங்கித் தயங்கிச் சொன்னாள். "அட, வெளையாட்டுக்குச் சொன்னதுக்கா?" என்றீர்கள். அதற்கு மேல் என்னிடம் நீங்கள் ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?

டாக்டரம்மா ஊசி போடும்போது செக்கர் அவர் கையுறையைக் கடித்தது. "யாரு இதைக் கையை ஆட்டிப் பழக்குனது?" என்றார்.

"எங்கப்பா."

"ஒண்ணாப் பொறந்த குட்டிகளோட இருந்திருந்தா அதுகளே கத்துக்குடுத்துருக்கும். ஒண்ணு பலமாக் கடிச்சா இன்னொண்ணு கத்திட்டு எந்திரிச்சுப் போயிரும், வெளையாட வராது. இதைத் தனியாத் தூக்கிட்டு வந்துட்டீங்க, கைதான் வெளையாட்டுச் சாமான்னு நெனைச்சிருக்கு. அப்பாகிட்டச் சொல்லு, இனிமே கையை ஆட்ட வேண்டாம்."

அடிக்கவும் கூடாதாம். கடித்தால் கையை இழுக்காமல் அசையாது வைக்க வேண்டும். அது பிடி விட்டதும் எழுந்து வேறு பக்கம் போய்விட வேண்டும், திரும்பிக்கூடப் பார்க்கக் கூடாது. கொஞ்சம் கழித்து வேறு ஏதாவது காட்டி ஓடவிட வேண்டும். வீட்டில் எல்லாரும் ஒரே மாதிரி செய்ய வேண்டும், ஒருத்தர் கையைக் கொடுத்தாலும் போச்சு என்றார். நூலை விழுங்கினால் குடலில் சிக்கிக்கொள்ளும், எட்டாத இடத்தில் வை என்றார்.

விளக்குமாற்றுக் குச்சியில் பழைய துணியைக் கட்டினேன். நூல்கண்டை டப்பாவுக்குள் போட்டேன். கடித்தபோது கல்லாக இருந்துவிட்டு, எழுந்து வெளியே போய்க் கதவைச் சாத்தினேன். உள்ளே கத்திக்கொண்டு கிடந்தது. அசையாமல் இருப்பது எனக்குப் புதிதில்லை, அப்பா. அந்த பஸ்ஸில் பழகியதுதான். எழுந்து போவதுதான் புதிது.

அம்மாவோடுதான் பெரிய பாடு. நாலாம் நாள், சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் மறுபடியும் கையை வைத்தாள். ஊசி போட்ட இடம்கூட ஆறவில்லை. நான் அந்தக் கையை எடுத்து அவள் மடியில் வைத்தேன்.

"செத்த மனுசனைப் போயி அடக்குறியாடி?" என்றாள்.

"இது அப்பா இல்லம்மா."

"ஒனக்கென்ன தெரியும்?"

"அப்பாவாவே இருக்கட்டும். கடிக்கக் கூடாது."

நான் இவ்வளவு சத்தமாகப் பேசி அம்மா கேட்டதில்லை. நானே கேட்டதில்லை. அவள் தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படியில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்து சாப்பிட்டாள். செக்கர் கதவிடுக்கில் கால் விட்டுத் துழாவியது. அவள் கையைக் கொடுக்கவில்லை. அழுதாள், ஆனால் கொடுக்கவில்லை.

மூன்று வாரத்தில் அதற்குப் புரிந்துவிட்டது. இப்போதும் பாய்ந்து வரும். பல்லை விரலில் வைக்கும். வைத்த இடத்திலேயே நின்று என் முகத்தைப் பார்க்கும். பிறகு விட்டுவிட்டுக் குச்சியைத் தேடிப் போகும். பூக்கடை அக்கா மறுபடியும் பூ கொடுக்கிறார்.

இதைப் பார்க்கும்போதுதான் எனக்கு உங்கள் மேல் ஆத்திரம் வருகிறது. உங்கள் கேலியைக் கேட்டு எழுந்துபோனவர்கள் யாருமில்லை. எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன், அப்பா. அன்று பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு பல்லைக் காட்டிச் சிரித்தேன். அதைப் பார்த்துத்தான் நீங்கள் அடுத்த நாளும் சொன்னீர்களோ? அப்படியென்றால் நாங்களும்தான் உங்களைப் பழக்கினோமோ? யோசித்துப் பார்த்தேன். ஆனால் நீங்கள் பூனைக்குட்டி இல்லையே. மார்க் அட்டையில் கையெழுத்துப் போடத் தெரிந்த மனிதர்தானே.

போன செவ்வாய்க்கிழமை செக்கருக்கு இரண்டாவது ஊசி. விலக்கில் நின்றேன். உங்கள் பஸ் வந்தது. மரத்துக்குப் பின்னால் போகவில்லை.

கருப்பையா மாமா என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர, "அடடா, எட்டு மார்க்கு! எம்புட்டு நாளாச்சு, ஏறு தாயி" என்றார். பாசமாகத்தான் சொன்னார். உங்களை நினைத்துத்தான் சொன்னார். முன் சீட்டில் இரண்டு பேர் சிரித்தார்கள்.

நான் சிரிக்கவில்லை. படியில் ஒரு கால், தரையில் ஒரு கால்.

"எம்பேரு முத்துமாரி, மாமா."

மாமா ஸ்டியரிங்கைப் பார்த்தார். பிறகு மெதுவாக, "ஏறும்மா முத்துமாரி" என்றார். நான் ஏறினேன்.

சேதியைச் சொல்லிவிட்டேன், அப்பா. ஒரு வாக்கும் தருகிறேன். செக்கரை நான் எங்கும் விடமாட்டேன், உங்கள் பையிலேயே படுத்துக்கொள்ளட்டும். பாதியில் விட்ட பத்தாவதைத் தனித்தேர்வராக எழுதப்போகிறேன். கணக்கில் மறுபடி எட்டே வந்தாலும் வரட்டும், அந்த பஸ்ஸில்தான் போவேன். யாருக்காவது சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளட்டும். கூடச் சேர்ந்து நான் சிரிக்கமாட்டேன்.

உங்கள் கேலிக்கு இனி சிரிக்காத,
ஆனாலும் உங்களுக்கு மகளாகவே இருக்கிற,
முத்துமாரி