மரத்த கைக்கு ஒரு கிளிப்

வியாழன், இரவு.

குடிகாடு பிளாண்டில் ஷிஃப்ட் முடித்து பைக்கில் அண்ணாமலை நகர் வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் தினமும் வலது கை மரத்துவிடுகிறது. அவ்வளவு தூரமும் ஆக்ஸிலேட்டரை முறுக்கியே பிடித்திருக்க வேண்டும். மனைவியின் தம்பி பேச்சைக் கேட்டு போன வாரம் த்ராட்டில் லாக் வாங்கி மாட்டினேன். முறுக்கிய இடத்திலேயே ஆக்ஸிலேட்டரை நிறுத்தி வைக்கும் கிளிப் அது. கையை எடுத்துக்கொள்ளலாமாம்.

இன்று புதுச்சத்திரம் தாண்டியதும் கிளிப்பைப் போட்டேன். கொஞ்ச தூரத்தில் பாதி ரோட்டை அடைத்து நெல் காயப்போட்டிருந்தார்கள். கிளிப்பை விடுவிக்கக் கட்டைவிரலால் தள்ளினேன். விரலில் உணர்ச்சியே இல்லை. கிளட்சைப் பிடித்துக் காலால் பிரேக்கை மிதித்தேன். எஞ்சின் அலற, வண்டி நெல்லுக்குள் வழுக்கிக்கொண்டு போய் நின்றது. நெல்லைக் காலால் கிளறிக்கொண்டிருந்த ஒரு அம்மா பயந்து விலகினாள்.

"சோத்துல வண்டிய உடுறியே, கண்ண எங்கய்யா வச்சிருக்க?"

கண்ணில் ஒன்றும் குறையில்லை என்று அவளிடம் எப்படிச் சொல்வது? மரத்த கைக்காக விற்கிற கிளிப்பை எடுக்க மரக்காத விரல் வேண்டும். கடையில் ஒருத்தனும் இதைச் சொல்லவில்லை.

மச்சானுக்குப் போன் போட்டேன். "அதான் மாமா, குரூஸ் கண்ட்ரோல் போட்டுடலாம். வேகத்த அதுவே புடிச்சுக்கும், பிரேக்க தொட்டாலே கட்டாயிடும்" என்கிறான். என் பழைய வண்டியில் அதை மாட்ட முடியாது என்று அவனுக்கும் தெரியும்.

டாக்டரிடம் போ என்கிறாள் மனைவி. போனால் இந்தக் கை வேலைக்கு ஆகாது என்று எழுதிக் கொடுத்துவிடுவார். பிளாண்டில் வால்வைத் திருகுவதும் இந்தக் கைதான்.

சாப்பிட்டதும் கீழே போய் கிளிப்பைக் கழற்றி வீசினேன். இடது கையால்.