முகப்புப் பக்கத்தில் குட்டி

செப்டம்பர் 4

அண்ணனின் தேர்தல் இணையதளம் இன்று திறந்தாயிற்று. நகரசபைக்கு நிற்கிறவர்களில் தளம் இருப்பது இவருக்கு மட்டும்தான். செய்தது நான், அச்சக வேலை போக மிச்ச நேரமெல்லாம் இதற்கே போனது. பள்ளிக்கு எதிரே நெடுஞ்சாலையின் குறுக்கே ஒரு நடைபாலம் வேண்டும் — அதற்கான வரைபடம், ஆகும் செலவு, யார் யார் அனுமதி தரவேண்டும் என்று எல்லாம் போட்டிருக்கிறேன். ‘கேளுங்கள், நானே பதில் சொல்கிறேன்’ என்று ஒரு பக்கமும் உண்டு. அந்த ‘நானே’ நான்தான். அண்ணனுக்குத் தட்டச்சு வராது.

செப்டம்பர் 11

வருகிறவர்கள் வரைபடத்தைத் திறந்து, ஒரு கொட்டாவி விடுகிற நேரத்தில் போய்விடுகிறார்கள். செவிடன் காதில் ஊதிய சங்கு.

செப்டம்பர் 13

அண்ணனின் நண்பர், அந்த விளம்பரக்காரர், வந்திருந்தார். “பாலத்தை யாருங்க பார்ப்பாங்க? பாப்பா போட்டோவைப் போடுங்க” என்றார்.

அண்ணன் மகள் குட்டி போய் இரண்டு வருடம் ஆகிறது. பள்ளி விட்டு அதே சாலையைக் கடக்கும்போது, லாரி. அண்ணன், “அவளுக்காகத்தானே நிக்கிறேன்” என்றார். அதில் பொய் இல்லை. அண்ணியைக் கேட்டீர்களா என்றேன். “நான் சொல்லிக்கிறேன், நீ போடும்மா.”

சொன்னாரா?

செப்டம்பர் 15

போட்டேன். முன்பல் விழுந்த சிரிப்போடு இருக்கிற படம். முகப்பில், திரை நிறைய. அதற்குமேல் அங்கே உட்காரப் பிடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன்.

செப்டம்பர் 18

பார்க்கிறவர்கள் எல்லாம் பத்துப் பேருக்கு அனுப்புகிறார்கள். வரைபடத்தையும் இப்போது படிக்கிறார்கள். விளம்பரக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. கேள்விகள் குவிகின்றன, ஒவ்வொன்றுக்கும் உட்கார்ந்து எழுத என்னால் ஆகாது. ஒரே பதிலை எழுதிவைத்து எல்லோருக்கும் அனுப்புகிறேன்: ‘உங்கள் அக்கறைக்கு நன்றி. உங்கள் ஆதரவோடு நம் பிள்ளைகளைக் காப்போம்.’

செப்டம்பர் 20

பதில் போனவற்றை இன்று சும்மா புரட்டினேன். பெயர் போடாத ஒன்று.

‘அந்தப் படத்தில் அவளுக்குக் காய்ச்சல். விழுந்த பல்லை என்னிடம்தான் கொடுத்து வைத்தாள். படத்தை நீக்கிவிட முடியுமா? வீட்டில் கேட்கலாம் என்றால் எந்நேரமும் ஆட்கள் இருக்கிறார்கள்.’

அண்ணி. அண்ணிதான் எழுதியிருக்காங்க. அதுக்குக் கீழே என் பதில் — உங்கள் அக்கறைக்கு நன்றி, நம் பிள்ளைகளைக் காப்போம். ஐயோ, அவங்களுக்குப் போயா? மாடியில நான், கீழே அவங்க. படியிறங்கிப் போய் ஒரு வார்த்தை கேட்டிருந்தா என்ன? படிக்காமலே அனுப்பியிருக்கேன். நான் எல்லாம் மனுஷியா?

செப்டம்பர் 21

அண்ணனிடம் காட்டினேன். படித்தார், மறுபடியும் படித்தார். கண் கலங்கியதைப் பார்த்தேன். “ஞாயித்துக்கிழமை ஓட்டுப்பதிவு வரைக்கும்தானே. பாலம் வந்துட்டா எத்தனை பிள்ளைங்க தப்பிக்கும். அவளுக்கே புரியும்.”

கடவுச்சொல் என்னிடம்தான் இருக்கிறது. நானே நீக்கியிருக்கலாம். நீக்கவில்லை. பாலம் வரவேண்டும் என்ற ஆசை எனக்கும் இருந்தது, அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

மன்னிப்புக் கேட்க அண்ணி முன்னால் போய் நின்றேன். துணி மடித்துக்கொண்டிருந்தார். “பதில் வந்துச்சும்மா” என்றார், தலை நிமிராமல்.

செப்டம்பர் 28

ஜெயித்துவிட்டார்.

செப்டம்பர் 29

காலையில் முதல் வேலையாகப் படத்தை நீக்கினேன். யாருக்கு என்ன லாபம்? ஊரார் கைபேசியில் எல்லாம் குட்டி இருக்கிறாள்.

அடுத்த வருடம், நவம்பர் 9

நடைபாலத்தைத் திறந்தார்கள். சொன்னதைச் செய்துவிட்டார் அண்ணன்; அதை யாரும் மறுக்க முடியாது. குட்டியின் பெயரையே வைத்திருக்கிறார்கள். படி ஏறுகிற இடத்தில் அதே படம், ஆள் உயரத்துக்கு. நகரசபைக்காரர்கள் யார் கைபேசியிலிருந்தோ எடுத்தார்களாம், எங்களைக் கேட்கவில்லை. பள்ளி விட்டதும் பிள்ளைகள் கூச்சலும் கும்மாளமுமாக மேலே ஓடினார்கள். அண்ணன் அழுதார். எனக்கும் தாங்கவில்லை. அண்ணி வரவில்லை.

நவம்பர் 16

அண்ணி வேலைக்குப் போக அந்தச் சாலையைக் கடந்துதான் ஆகவேண்டும். இன்று காலை பேருந்து ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பாலத்தின் பக்கமே அவர் திரும்பவில்லை. பையைத் தோளோடு அணைத்துக்கொண்டு, கீழே, லாரிகளுக்கு நடுவே இறங்கிக் கடந்துபோகிறார்.