பிசாசுக் கடிகாரத்தால் கிடைத்த படகுச் சவாரி

அன்பு மகள் மார்தீஸுக்கு உன் சித்தப்பா சால்வு எழுதுவது. மாதாவின் தயவில் இங்கே நானும் உன் சித்தி சென்சாவும் சுகம், மெல்போர்னில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாகத்தான் இருப்பீர்கள், ஏனென்றால் நான் சொன்னது எதுவும் நடக்காமல் போனதில்லை. உன் மகள் இலேனியா நம் கோசோத் தீவுக்கு வரும் பெரிய கப்பலில் கடலுக்குப் பயந்து கண்ணை இறுக மூடிக்கொண்டு வந்தாளே, அன்றைக்கே சித்தியிடம் சொன்னேன், திருவிழாவுக்குள் இவள் கடலை விட்டு வரமாட்டாள் பார் என்று. சித்தி நம்பவில்லை. நீயும் நம்பவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்குள் பிள்ளையின் அழுகை நிற்காவிட்டால் டிக்கெட்டை மாற்றி உடனே அழைத்துக்கொள்கிறேன் என்று நீ தொலைபேசியில் சொன்னதிலிருந்து சித்திக்குச் சோறு தண்ணீர் இறங்கவில்லை. நான் மட்டும் அவளுடைய பங்கையும் சேர்த்துச் சாப்பிட்டுக்கொண்டு தைரியமாக இருந்தேன்.

சனிக்கிழமை பிள்ளையைத் துவெய்ராவுக்குக் கூட்டிப் போனேன், கடலை மேலே பாறையிலிருந்து பார்த்தால் போதும், கிட்டே போகவே வேண்டாம் என்று சத்தியம் செய்து கொடுத்துவிட்டு. முதலில் மேல் ஊர்ச் சதுக்கத்தில் உட்கார்ந்து சூரை மீனும் தக்காளியும் அடைத்த ரொட்டி சாப்பிட்டோம், பிறகு ஐஸ்கிரீம். பிள்ளை கோயில் கோபுரத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “சின்னத் தாத்தா, ஏன் ரெண்டு கடிகாரம் ரெண்டு மணி காட்டுது?” என்றாள். மெல்போர்னில் இதெல்லாம் சொல்லிக் கொடுக்கமாட்டாயா நீ? ஒண்ணு நமக்கு, இன்னொண்ணு பிசாசுக்கு, பூசை எப்பன்னு தெரியாம அது தப்பான நேரத்துக்கு வந்து ஏமாந்து போகணும் என்றேன். “அப்போ பிசாசு பஸ்ஸையும் விட்டுடுமா?” என்று கேட்டாள். அப்போதுதான் என் மூளையில் அந்தத் திட்டம் உதித்தது. வேண்டுமென்றே பிசாசுக் கடிகாரத்தைப் பார்த்தபடி, நேரம் இருக்கிறது நேரம் இருக்கிறது என்று இன்னொரு ஐஸ்கிரீமும் வாங்கிக் கொடுத்தேன். கடைசி பஸ் போயே விட்டது.

இனி மார்சல்ஃபோர்னில் நம் வீட்டுக்கு வர ஒரே வழி, துவெய்ராவிலிருந்து நம்மூருக்குத் திரும்பும் விஸ்டினின் படகுதான். குன்றுகளுக்குள் குளம்போலக் கிடக்கும் உள்கடல் கரைக்கு இறங்கிப் போனோம்; என்னைப் பார்த்ததும் விஸ்டின், “கனவா நனவா, சால்வு என் படகுல ஏறுறானா?” என்று சிரித்தான். என்னைப் போன்ற கடல் புலி பயணியாக வருவது அவனுக்கு ஆச்சரியம், அவ்வளவுதான். அங்கிருந்து வெளிக்கடலுக்குக் குன்றைக் குடைந்து போகிறதே அந்தக் குகை, அதற்குள் நுழைந்ததும் இருட்டு, அடியில் தண்ணீர் உறுமுகிறது, கோயில் கதவு அளவுக்கு ஒரு கணவாய் மீன் எங்களையே முறைத்தது. பிள்ளையின் கை என் கைக்குள் கோழிக்குஞ்சு மாதிரி நடுங்கியது. நான் சொன்னேன், “கண்ணைத் திற, முன்பக்கம் படகுக்கே ரெண்டு கண்ணு வரைஞ்சிருக்கு, அது வழி பார்க்கும், நீ வேடிக்கை பாரு.” அவ்வளவுதான் மகளே. குகையை விட்டு வெளியே வந்தால் பொன்னாக உருகிக் கிடக்கிறது கடல், இலேனியா போட்ட கூச்சல் சிசிலிக்கே கேட்டிருக்கும். தண்ணீரை அள்ளி விஸ்டின் தலையில் ஊற்றினாள், சுக்கானைப் பிடித்தாள், உப்புப் பாத்திகளில் உப்புக் கூட்டும் பெண்களுக்கெல்லாம் கையசைத்தாள். வீட்டுக்கு வந்ததும் சித்தி, “பிசாசை ஏமாத்த வெச்ச கடிகாரத்துல நீங்க ஏமாந்தீங்களா?” என்று சிரித்தாள். திட்டம் போடுகிறவன் அருமை அவளுக்கு எங்கே தெரியும்.

ஞாயிறு பூசை முடிந்ததும் பிள்ளை கேட்ட முதல் கேள்வி, “விஸ்டின் தாத்தா இன்னைக்கு எப்போ கிளம்புவார்?” ஆகவே டிக்கெட்டை மாற்று, ஆனால் திருவிழா வாணவேடிக்கை முடிந்த பிறகான தேதிக்கு மாற்று. வேலை வேலை என்று பட்டினி கிடக்காதே, மாப்பிள்ளையை இருட்டில் கார் ஓட்ட விடாதே, பிள்ளைக்கு இன்னொரு நீச்சலுடை அனுப்ப மறக்காதே. மாதா உங்களை நிழலாகக் காப்பாள்.

உறையில் போடுமுன் இதை இலேனியாவுக்குப் படித்துக் காட்டினேன். ஓர் இடம் பொய், திருத்தினால்தான் தபால் பெட்டி வரை துணைக்கு வருவேன் என்கிறாள். சரி, எழுதிவிடுகிறேன். அந்தக் குகைக்குள் நடுங்கிய கை என்னுடையது. கண்ணைத் திற, படகுக்கே கண் இருக்கிறது என்று சொன்னது அவள்.

உன் சித்தப்பா
சால்வு