அலமாரிக்குப் பின்னால் நிற்கும் வெள்ளக் கோடு

அனுப்புநர்
வெல்டிங் பட்டறைத் தொழிலாளி,
கடைசி வீடு, ஆற்றோரத் தெரு.

பெறுநர்
மாவட்டப் பேரிடர் மேலாண்மை அலுவலர் அவர்கள்,
மாவட்டத் தலைமை அலுவலகம்.

பொருள்: வெள்ள அபாய மதிப்பீட்டில் எங்கள் தெருப் பள்ளியைப் பாதுகாப்பான தங்குமிடமாக அறிவித்ததை ரத்து செய்து, மேட்டிலுள்ள தானியக் கிடங்கைத் திறக்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

1. எங்கள் பள்ளிச் சுவரில் இருந்த வெள்ளத்தின் தடயத்தை அழித்தது உங்கள் அலுவலகம். ஆய்வுக் குழு வருவதற்கு முந்தைய வாரம், கட்டடம் பார்க்க நன்றாக இருக்க வேண்டும் என்று தலைமையாசிரியரிடம் தொலைபேசியில் சொன்னவர்கள் உங்கள் ஆட்கள். அவர் என் தந்தையை அழைத்தார். என் தந்தை பெயிண்டர். அரைகுறை வேலை அவருக்குப் பிடிக்காது. பழுப்புக் கோட்டைத் தேய்த்து, பட்டி பார்த்து, இரண்டு கோட்டிங் அடித்தார்.

2. அந்தச் சுவரைப் பார்த்துவிட்டு, 'வெள்ளம் புகுந்த அடையாளம் இல்லை' என்று குழுவினர் எழுதிக்கொண்டார்கள். வாசலில் நின்ற எங்களிடம் எதுவும் கேட்கவில்லை. நாங்களாகச் சொன்னபோது, "கண்ணால பாக்கறதைத்தான் எழுத முடியும் தம்பி" என்றார் குழுத் தலைவர். வெள்ளம் வந்தால் நாங்கள் ஓட வேண்டிய இடம் அந்தப் பள்ளிதான் என்று இப்போது பலகை மாட்டியிருக்கிறீர்கள்.

3. சென்ற வெள்ளத்தில் அங்கேதான் ஓடினோம். மற்றவர்கள் ஏணி வைத்துக் கூரைமேல் ஏறிவிட்டார்கள். என் சித்தி சக்கர நாற்காலியில் இருப்பவர். அவரை ஏற்ற முடியவில்லை. தலைமையாசிரியர் அறையில் மேசைமேல் மேசை போட்டு உட்கார வைத்து, மேசைகள் மிதந்துவிடாதபடி நானும் தந்தையும் இருபுறமும் அழுத்திப் பிடித்து நின்றோம். "எனக்குக் கால்ல உணர்ச்சி கிடையாது, தண்ணி எதுவரைக்கும் வந்துருக்குன்னு நீயே சொல்லிக்கிட்டு இருடா" என்றார். சொல்லிக்கொண்டே இருந்தேன். என் தோளுக்கு வந்ததும் நின்றது.

4. கோடு முழுவதும் அழியவில்லை. என் தந்தை எவ்வளவு சுத்தமாக வேலை செய்பவரானாலும், அலமாரிக்குப் பின்னால் எந்தப் பெயிண்டரும் அடிப்பதில்லை. சென்ற வாரம் நானும் தலைமையாசிரியரும் அவர் அறையிலுள்ள இரும்பு அலமாரியை நகர்த்தினோம். அதன் அகலத்துக்குப் பழைய சுவர் அப்படியே இருக்கிறது. என் தோள் உயரத்தில் கோடும் இருக்கிறது. இனி உங்கள் குழு கண்ணால் பார்க்கலாம். அலமாரியை நாங்கள் திரும்பத் தள்ளி வைக்கவில்லை.

5. மேட்டிலுள்ள அரசுத் தானியக் கிடங்கு மழை மாதங்களில் காலியாகக் கிடக்கிறது. லாரி ஏறுவதற்குச் சரிவு கட்டியிருக்கிறார்கள். சித்தியின் நாற்காலியை அதில் தள்ளிப் பார்த்துவிட்டேன். ஒரு ஆள் போதும். "இவ்வளவு லேசாவா இருக்கேன் நான்?" என்று சித்தியே சிரித்தார். சாவி வைத்திருப்பவர், "மேடம் ஒரு வரி எழுதித் தரட்டும், அன்னைக்கே தொறக்கறேன்" என்கிறார். அவர் சொன்னதைச் செய்வார். பாக்கி இருப்பது உங்கள் ஒரு வரி.

6. நாங்கள் சலுகை கேட்கவில்லை. தவறான மதிப்பீட்டைத் திருத்தச் சொல்கிறோம். மழை தொடங்குமுன் பள்ளி வாசலிலுள்ள பலகையைக் கழற்றி, கிடங்கில் மாட்டுங்கள். மறுப்பதானால் தாங்களே நேரில் வந்து, அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, தண்ணீர் ஏறும்போது என் சித்தியை அந்த அறையில் எதன்மேல் உட்கார வைப்பது என்று எழுத்தில் தாருங்கள்.

இடம்: ஆற்றோரத் தெரு
நாள்: செப்டம்பர் 9

(கையொப்பம்)
கடைசி வீட்டுப் பெயிண்டரின் மகன்