மருதாணி இல்லை, மஞ்சிட்டி

மேல்விஷாரம்,
வெள்ளிக்கிழமை

அன்புத் தோழி தேவிகாவுக்கு,

உன் வீட்டில் எல்லோருக்கும் அல்லாஹ் நோயில்லாத நாட்களைத் தரட்டும். போன் செய்து செய்து சலித்திருப்பாய். என் போன் நாத்தனார் ஷஹீன் பானுவிடம் இருக்கிறது. இத்தா முடிகிறவரை எனக்கு அது வேண்டாமாம். அப்படி எந்தக் கிதாபிலும் நான் படித்ததில்லை என்றேன். "நீங்க எப்போ பாபி ஓதிக் குடுக்குற ஆலிமா ஆனீங்க?" என்று சிரிக்கிறாள்.

இத்தா பற்றி உனக்கு முழுசாகத் தெரியாது. புருஷன் மௌத்தானால் மனைவி நாலு மாதம் பத்து நாள் வீட்டோடு இருக்க வேண்டும். பூ, நகை, மருதாணி கூடாது. அதில் எனக்கு வருத்தமில்லை. எங்கள் வீட்டுக்காரருக்காக மனதார இருக்கிறேன். வீட்டுக்குள் கைவேலைக்குத் தடையில்லை. அதனால் நீ திருப்பூரிலிருந்து அனுப்பிய பட்டுக்கும் பருத்திக்கும் பின்கட்டு ஷெட்டில் சாயம் போட்டுக்கொண்டிருந்தேன். கடுக்காய் ஏற்றி, படிகாரக் குழம்பால் அச்சுக் குத்தி, மஞ்சிட்டி வேரோடு கொதிக்கவைத்தேன். அச்சு விழுந்த இடமெல்லாம் நல்ல சிவப்பு. என் கையும்தான்.

துக்கம் விசாரிக்க வந்த பொம்பளைகள் என் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தார்கள். "அண்ணன் மண்ணு கூடக் காயல, அதுக்குள்ள மருதாணியா பாபி?" என்று ஷஹீன் எல்லார் எதிரிலும் கேட்டாள். வேர்ச் சாயம் என்றேன். "எந்த வேரு இவ்ளோ அழகா செவக்கும்?" என்றாள் இன்னொருத்தி. கையுறை போடலாம். ஆனால் துணி சாயம் குடித்ததா என்று விரலுக்குத் தெரிய வேண்டுமே.

அந்த வாரமே கொழுந்தனார் முக்தார் அகமது வந்தார். எனக்கு மறுபடி மாப்பிள்ளை ஆசை வந்துவிட்டதாக ஊரில் பேச்சாம். வேலையை நிறுத்தச் சொன்னார். ஷெட் சும்மா கிடக்க வேண்டாம், தன் தோல் மண்டியின் உப்புப் போட்ட ஆட்டுத் தோலை அடுக்கிக்கொள்வாராம். உப்பும் கவிச்சியும் ஏறிய இடத்தில் அப்புறம் பட்டுத் துணியை எங்கே விரிப்பேன்?

நான் ஒரு காரியம் செய்தேன். கையைக் கடுக்காய்த் தண்ணீரில் நனைத்து, இரும்புத் துருவும் வெல்லமும் ஊறிய தொட்டியில் முக்கினேன். சிவப்பு மறைந்து கறுப்பாகிவிட்டது. இனி யாரும் மருதாணி என்று சொல்ல மாட்டார்கள் என்று நிம்மதியாகத் தொழுதேன். மறுநாள் முக்தார் பார்த்துவிட்டு, "யா அல்லா, கை வெந்துபோச்சே! இன்னா சாயம் இது, ஆளையே தின்னுது" என்றார். என் நல்லதுக்காகத்தான் என்று சொல்லி ஷெட் சாவியை வாங்கிக்கொண்டார். மாதம் பிறந்ததும் தோல் வருகிறது. உன் துணி பாதி உள்ளேயே கிடக்கிறது.

சிவந்தாலும் தப்பு, கறுத்தாலும் தப்பு என்றால் நான் எந்தக் கையோடு இருப்பது? எனக்காகப் பேச ஒரு பிள்ளையும் இல்லை. கோபித்துக்கொண்டு வாசலைத் தாண்டவும் மாட்டேன். அது அல்லாஹ்வுக்கு நான் கொடுத்த வாக்கு. இந்தக் கடிதத்தைக்கூடப் பால் ஊற்றும் கிறிஸ்டினாதான் தபாலில் சேர்க்கப்போகிறாள்.

நீ வா, தேவிகா. அங்கே நீயும் இதே வேரைத்தானே கொதிக்கவைக்கிறாய். பஸ் ஏறும் முன் கையைத் தேய்த்துக் கழுவிவிடாதே. ஷஹீன் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடி. கிளாஸைப் பிடித்த உன் விரல்களை அவள் பார்க்கட்டும். நீ ஒன்றும் பேச வேண்டாம்.

உன் புருஷனுக்கு நீண்ட ஆயுளையும் உன் கைக்கு ஓயாத வேலையையும் அல்லாஹ் தரட்டும்.

உன்னை எதிர்பார்த்திருக்கும்,
முனவ்வர் பேகம்