வட்டைக்குப் போன வாப்பா

ஞாயிற்றுக்கிழமை, கல்முனை

சந்தோஷத்தில் நித்திரை வருதில்லை.

காலையில் பத்திரிகையை விரிச்சால் என்ட பத்தியில், "வாப்பா சுபஹ் தொழுதுட்டு வேட்டைக்குப் போவார்" என்று கிடக்கு. நான் எழுதினது வட்டைக்கு. வயல்வெளியை நாங்க வட்டை என்கிறது கொழும்பில் பிழை திருத்துறவருக்கு எங்க தெரியப் போகுது? சவளக்கடையில் வேளாண்மை செய்யிற மனிசனைத் துவக்குத் தூக்க வச்சிட்டார்.

வாப்பா வாசிச்சுட்டு, "என்ன மகள், மான் சுட்டனா, மரை சுட்டனா?" என்று கேட்டார். எனக்கு அழுகையே வந்துட்டு.

பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு பத்திரிகை ஆசிரியர் போனில் கோல் எடுத்தார். நான் கத்த வாய் திறக்க முந்தி அவர் சிரிக்கிறார்.

"காலையிலிருந்து உங்கட ஊராக்கள் விடாமல் ஏசுறாங்க. நாவிதன்வெளி, தம்பிலுவில் என்று எல்லா இடத்திலிருந்தும் கோல். வட்டை எப்ப வேட்டையானது என்று கேட்கிறாங்க. இனி உங்கட சொல்லில் ஒருத்தரும் கை வைக்க மாட்டாங்க. பத்தியெல்லாம் சேர்த்து நாங்களே புத்தகமாப் போடுறம். பேர் 'வட்டை'. சரியா?"

ஓம் ஓம் என்று எத்தனை தரம் சொன்னனோ தெரியாது.

ஓடிப் போய் வாப்பாட்டச் சொன்னன். அவருக்கும் முகமெல்லாம் சிரிப்பு. பிறகு கேட்டார்:

"அப்ப உன்ட முந்தின ரெண்டு புத்தகத்திலயும் வட்டையை 'வயல்' என்று மாத்தினது ஆரு?"

நான்தான். கொழும்பாக்களுக்கு விளங்கட்டும் என்று நானேதான்.

இப்ப ரெண்டு புத்தகமும் மடியில். பேனையால் வெட்டி வெட்டி எழுதிக்கொண்டு வாறன். வட்டை. வட்டை. வட்டை.