மாமனாரின் திட்ட விலக்கம்

மார்ச் 5
பதினாறு வருஷமாக பன் ரொட்டித் தொழிற்சாலையில் எடை பார்க்கிறேன். ஷிப்ட் மேற்பார்வையாளர் ஆக வேண்டுமானால் புள்ளியியல் சான்றிதழ் வேண்டுமாம். நாற்பத்தாறு வயதில் பெஞ்சில் உட்கார்ந்தாயிற்று. வீட்டுப்பாடம்: வீட்டில் தினமும் நடக்கிற ஒன்றை முப்பது நாள் அளந்து, சராசரி, அதிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்கிற திட்ட விலக்கம், மணி வடிவக் கோடு. எங்கள் வீட்டில் தவறாமல் நடப்பது ஒன்றுதான். மாமனார் காலையில் குளியலறைக்குள் போவார். நானும் என் வீட்டுக்காரரும் துண்டோடு வெளியே நிற்போம்.

மார்ச் 6
23 நிமிடம்.

மார்ச் 11
மாட்டிக்கொண்டேன். "என்னம்மா எழுதுற?" சொல்லிவிட்டேன்.
"முப்பத்திரண்டு வருஷம் லிப்ட் ஓட்டினவன் நான். ஊரையே மேல ஏத்தி இறக்கினவன். எனக்குக் கடைசியில இந்தக் கணக்கா?"

மார்ச் 12
வெளியே வந்ததும் அவரே கேட்டார், "எவ்வளவு?"

ஏப்ரல் 3
இருபத்தொன்பது நாள் ஆச்சு. சராசரி 24, விலக்கம் 3. இருபது நாள் 21க்கும் 27க்கும் நடுவில். கோடு போட்டால் கவிழ்த்த கிண்ணம் மாதிரி அத்தனை அழகு. வகுப்பில் இந்த வடிவத்துக்கு 'நார்மல்' என்று பேர். சாப்பிடும்போது பெருமையாகச் சொன்னேன், "மாமா, நீங்க சுத்தமான நார்மல்."
பாதியில் எழுந்து கை கழுவிவிட்டார். என்ன தப்பாகச் சொல்லிவிட்டேன்?

ஏப்ரல் 4
33 நிமிடம் தாண்டியது. மூன்று விலக்கத்துக்கு மேல் போவது ஆயிரத்தில் மூன்று தடவைதான் என்று வாத்தியார் சொல்லியிருக்கிறார். தட்டினேன், கூப்பிட்டேன், மறுபடி பலமாகத் தட்டினேன்.
வீட்டுக்காரரிடம் "கதவை உடைங்க"ன்னேன்.
"அப்பா வந்துடுவாரு, இரு."
"மூணு விலக்கம் தாண்டியாச்சுங்க."
"யாரு தாண்டினா?"
இந்த மனுஷனை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ண? கடைசியில் தோளால் இடித்தார். கதவு கீலோடு பெயர்ந்தது.
மாமனார் குளித்து, உடுத்தி, தலை வாரி, கவிழ்த்த பக்கெட்டில் உட்கார்ந்திருந்தார்.
"எத்தனை?"
"நாப்பத்தொண்ணு."
"அப்ப நான் நார்மல் இல்லையே?"
நான் வாயைத் திறப்பதற்குள் அவரே சொன்னார், "எழுபத்தோரு வருஷம் வாழ்ந்திருக்கேன். ஊர்ல எல்லாரையும் போலத்தான்னு ஒரு தாள்ல முடிச்சிட்டியேம்மா."
"நீங்க விழுந்து கிடக்குறீங்கன்னு நினைச்சேன்"னு ஈரத் தரையிலேயே உட்கார்ந்து அழுதுட்டேன்.
அவர் திகைத்துப்போனார். "எனக்காகவா?"

ஏப்ரல் 7
வாத்தியார் 41ஐ அடித்துவிடச் சொல்கிறார். கோடு ஒழுங்காக வருமாம், முழு மார்க்காம். வீட்டில் சொன்னேன்.
"அடிச்சிடுவியா என்னை?" என்றார் மாமனார்.
அடிக்கவில்லை. விலக்கம் நாலேகாலுக்கு எகிறியது. கல்யாண வீட்டில் கோபித்துக்கொண்டு தள்ளி நிற்கிற சொந்தக்காரர் மாதிரி வலது ஓரத்தில் ஒற்றைப் புள்ளி. 'காரணம்' என்ற கட்டத்தில் "மனத்தாங்கல்" என்று எழுதினேன்.

ஏப்ரல் 12
குளியலறைக்கு இன்னும் திரைதான். உள்ளே இருப்பவர் இருமிக்கொண்டே இருக்க வேண்டும்.

ஏப்ரல் 21
பாஸ். மட்டமான மார்க்தான், ஆனாலும் பாஸ். மேற்பார்வையாளர் வேலையும் கிடைத்துவிட்டது. என் 'காரண'த்தை வாத்தியார் எல்லா வகுப்பிலும் உரக்கப் படித்தாராம்.

மே 6
அடுத்த நிலை வகுப்பு எனக்கு. முதல் நிலையில் மாமனார் சேர்ந்திருக்கிறார். பஸ்ஸில் ஜன்னலோரம் எனக்கு விட்டுக்கொடுத்து, "நான் யாருன்னு அங்க யார்கிட்டயும் சொல்லிடாதே" என்றார்.
வாசலிலேயே வாத்தியார் அவரை உற்றுப் பார்த்தார். "நீங்கதானே அந்த நாப்பத்தொண்ணு?"
மாமனார் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். முன் பெஞ்சில் இருந்தவர்கள் நகர்ந்து அவருக்கு இடம் விட்டார்கள்.